வீட்டுப் பட்டறைக்கு வெப்பம் எதற்கு?

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. வீட்டோடு ஒரு பட்டறையையும் சேர்த்துக் கட்டிப் பார்த்தவர்கள், அப்பழமொழியில் மூன்றாவது பகுதி ஒன்றையும் சேர்த்துச் சொல்லத் தயங்க மாட்டார்கள். பட்டறை என்று நாம் இங்கே குறிப்பிடுவது பெரிய தொழிற்கூடத்தை அன்று. வீட்டின் பின்புறத்திலோ, வண்டி நிறுத்தும் கொட்டகையிலோ, பன்னிரண்டு அடி நீளமும் பத்து அடி அகலமும் கொண்ட ஓர் அறை. அதில் உறுதியான வேலைமேசை ஒன்று, அம்மேசையில் பூட்டிய வைஸ் ஒன்று, அரம், சுத்தியல், உளி, ரம்பம், திருப்புளி முதலிய கைக்கருவிகள். வசதி உள்ளவர்களிடம் ஒரு துளையிடும் இயந்திரம், ஒரு சாணைச் சக்கரம், ஒரு சிறிய லேத்து. இவ்வளவுதான் வீட்டுப் பட்டறை.

ஆயினும் ஒரு குடும்பத்தின் வாழ்வில் அது வகிக்கும் இடம் சிறிதன்று. ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவருக்கு அது இரண்டாவது ஜீவனம். தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கும் பிள்ளைக்கு, வகுப்பில் கண்டதைத் தன் கையால் செய்து பார்க்கும் இடம். தையல் இயந்திரம் வைத்துக் குடும்ப வருமானத்திற்குத் துணை செய்யும் இல்லத்தரசிக்கும் அதுவே பணியிடம். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்மவர் பலருக்கு நிலபுலன் இல்லை. கைத்திறனும் கருவிகளுமே சொத்து. அச்சொத்தைக் காக்கும் அறை எவ்வாறு அமைய வேண்டும், தேவை பெருகும்போது அதனை எவ்வாறு விரிப்பது, அதற்கு வெப்பம் ஊட்டுவது எப்போது அவசியம், எப்போது அபாயம் என்பவற்றை, கேரளத்தின் களமசேரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

களமசேரியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கொச்சி நகருக்கு வடக்கே, பெரியாற்றுக்கு அண்மையில் அமைந்துள்ள இவ்வூரின் வரலாறு, தொழில்களின் வரலாறே எனலாம். அருகிலுள்ள ஏலூரில் ‘ஃபாக்ட்’ உரத் தொழிற்சாலை 1947-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிற்று. இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களை உருவாக்குவதற்கென்று ஏற்பட்ட எச்.எம்.டி. நிறுவனத்தின் பிரிவு ஒன்று 1964-ஆம் ஆண்டில் களமசேரியில் நிறுவப் பெற்றது. லேத்துகளும் அச்சு இயந்திரங்களும் அங்கே உருவாயின. 1971-ஆம் ஆண்டில் தோன்றிய கொச்சிப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகமும் இங்கேயே உள்ளது. அரசினர் பாலிடெக்னிக்கும் தொழிற்பயிற்சி நிலையமும் இவ்வூரில் உண்டு. புதிய மின்னணுக் கருவிகளை உருவாக்க முனையும் இளைஞர்களுக்காக 2016-ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்ற ‘மேக்கர் வில்லேஜ்’ என்னும் கூடமும் இங்கே அமைந்தது. இத்தகைய ஊரில் வீட்டுக்கு ஒரு பட்டறை வைக்கும் ஆசை எழுவது இயல்பே.

பட்டறைத் தொழிலில் பேர் பெற்ற கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து சில மணி நேரத்தில் இங்கே வந்துவிடலாம். தூரம் குறைவே, ஆனால் வானம் வேறு. களமசேரியைத் தன்னகத்தே கொண்ட எறணாகுளம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கோவையில் பெய்வது அதில் நான்கில் ஒரு பங்கு அளவே. இங்கு ஜூன் மாதத் தொடக்கத்தில் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை இறங்கும். அது ஓய்ந்து இளைப்பாறுவதற்குள் அக்டோபரில் துலாவர்ஷம் வந்து சேரும். ஏறக்குறைய அரையாண்டுக் காலம் காற்று நீரைச் சுமந்தே வீசும். கோவையில் திறந்த கொட்டகையில் ஆண்டுக்கணக்காக மாசுபடாமல் கிடந்த அரம், களமசேரியில் ஒரே மழைக்காலத்தில் செந்நிறம் பூண்டுவிடும். தையல் ஊசி துருவேறித் துணியில் கறை படியும். தோலுறையிலும் மரப்பிடியிலும் பூஞ்சணம் பூக்கும்.

இதன் காரணத்தை முதலில் அறிந்துகொள்வது நலம். இரும்பு துருப்பிடிப்பதற்கு மழைநீர் அதன் மேல் விழ வேண்டும் என்பதில்லை; காற்றில் உள்ள ஈரமே போதும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்க வல்லதோ, அதில் நூற்றுக்கு எத்தனை பங்கு இப்போது அதில் அடங்கியுள்ளது என்பதையே ஈரப்பதம் என்கிறோம். இந்த ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவிகிதத்திற்குக் கீழே நின்றால், தூய்மையான இரும்பு மிக மெல்லவே துருவேறும். அவ்வெல்லையைத் தாண்டியதும் துருவின் வேகம் திடீரென்று மிகுகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் வெர்னன் என்பவர் இதனைச் சோதனை வாயிலாக நிறுவினார். புகையும் கந்தக வாயுவும் கலந்த காற்றில் இக்கேடு மேலும் விரைவுபடும் என்பதையும் அவர் காட்டினார். மழைக்காலத்துக் களமசேரியில் ஈரப்பதம் 80-க்கு மேல், பல வேளைகளில் 90-க்கும் மேல் நிற்கும். ஆகவே அங்கே பட்டறை கட்டுவோர்க்கு முதற் பகை ஈரமே. தரை, சுவர், கூரை, சாளரம் ஆகிய யாவற்றையும் இப்பகையை மனத்திற்கொண்டே அமைத்தல் வேண்டும்.

முதலில் தரையைப் பார்ப்போம். மண்ணின் நுண்துளைகள் வழியே ஈரம் மேலேறும் இயல்புடையது. எனவே அடியில் மணலும் சரளைக் கல்லும் பரப்பி, அதன் மேல் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை இடைவெளியின்றி இட்டு, அதன் மீதே கான்கிரீட் போடுதல் வேண்டும். செலவு சொற்பம்; பயன் பெரிது. கட்டி முடித்த பின்னர் இதனைச் செய்ய இயலாது என்பதை நினைவிற் கொள்க. தரை மட்டம் வெளிநிலத்தைவிட இரண்டு அடியேனும் உயர்ந்திருத்தல் நன்று. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெரியாறு கரைபுரண்டபோது ஆலுவா, ஏலூர், களமசேரி ஆகிய இடங்களின் பல பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நெடும்பாசேரி விமான நிலையமே இரு வாரக் காலம் மூடப்பட்டிருந்தது. அத்தகைய பெருவெள்ளத்தை இரண்டடித் திண்ணை தடுத்துவிடாது. ஆனால் அவ்வாண்டில் தம் தெருவில் நீர் எந்த உயரம் வரை வந்தது என்பதை அயலாரிடம் கேட்டறிந்து, மின்சாரப் பலகையையும் விலையுயர்ந்த மோட்டார்களையும் அக்கோட்டிற்கு மேலே அமைத்தல் எவர்க்கும் இயலும்.

சுவருக்கு இந்நாட்டு மக்கள் பன்னெடுங்காலமாகப் பயன்படுத்தி வருவது வெட்டுக்கல். நாம் செம்புரைக்கல் என்று சொல்லும் இக்கல்லுக்கு உலக அறிவியலில் ‘லேட்டரைட்’ என்று பெயர். புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் மலபார்ப் பகுதியில் அங்காடிப்புரத்தில் இதனைக் கண்டு, 1807-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் அப்பெயரை இட்டார். பூமிக்குள் இருக்கும்போது கோடரியால் வெட்டத்தக்க மென்மையும், வெட்டி வெளியில் காய வைத்த பின் கடினமும் உடையது இக்கல். இதில் துளைகள் மிகுதி. மழைச்சாரல் நேரே அடிக்கும் பக்கத்தில் பூச்சின்றி விட்டால் சுவர் நீரை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரையால் பூசிய சுவர், உறிஞ்சிய ஈரத்தை வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும் தன்மையது. பழைய கட்டடங்களில் வெட்டுக்கல்லும் சுண்ணாம்பும் இணைபிரியாது நிற்பதன் காரணம் இதுவே.

இதற்குச் சான்று வேண்டுவோர் கொச்சியின் மட்டாஞ்சேரிக்குச் சென்று, அங்காடித் தெருவில் காயலை ஒட்டி நிற்கும் பழைய பண்டகசாலைகளைப் பார்த்து வரலாம். மிளகும் சுக்கும் ஏலமும் ஈரம் பட்டால் கெடும் பொருள்கள். அவற்றை, கால் நனையும் தொலைவில் நீர் இருக்கும் இடத்திலேயே வணிகர் சேமித்து வந்தனர். தடித்த சுவர், உயர்ந்த ஓட்டுக் கூரை, கூரைக்குக் கீழே காற்று வெளியேறும் திறப்பு, மூட்டைகள் தரையைத் தொடாமல் அடியில் பலகை என்னும் இந்நான்குமே அவர்கள் கையாண்ட உபாயங்கள். நம் பட்டறையிலும் இரும்புச் சாமான் எதனையும் தரையில் வையாது பலகையின் மீது வைப்பதும், அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு கையளவு விலக்கி நிறுத்துவதும் அந்த மிளகு வணிகரிடம் நாம் கற்கத்தக்க பாடங்களே.

கூரைக்குத் தகரம் மலிவு. ஆனால் கோடையில் அதன் கீழே நிற்க இயலாது. மழையில் அதன் ஓசைக்கு நடுவே இயந்திரத்தின் ஒலி மாற்றத்தைக் கேட்க இயலாது. தெளிந்த இரவில் தகரம் விரைந்து குளிர்வதால் அதன் உட்புறத்தில் நீர் கோத்து, விடியற்காலையில் கருவிகளின் மேல் சொட்டும். பாசல் மிஷன் சபையார் 1865-ஆம் ஆண்டில் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து மேற்குக் கரையெங்கும் பரவிய மங்களூர் ஓடு இவ்வகையில் மேலானது. தகரமே போட நேர்ந்தால் அடியில் பலகையோ வேறு தடுப்போ அமைத்து, இடையில் காற்று உலவ இடம் விடுதல் அவசியம். இறவாரம் சுவரைக் கடந்து மூன்றடி நீண்டிருந்தால் சாரல் சாளரத்தை எட்டாது.

வெளிச்சத்திற்கு வடக்குச் சாளரம் சிறந்தது என்று நூல்கள் கூறும். நேர்வெயில் படாத சீரான ஒளி அங்கிருந்து கிடைக்கும் என்பதே காரணம். தில்லியில் இது பெரும்பாலும் பொருந்தும். அங்கே நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். களமசேரியோ நில நடுக்கோட்டிற்கு வடக்கே பத்து டிகிரி தொலைவில் உள்ளது. ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு இறுதி வரை அங்கே நண்பகற் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். ஆதலின் வடக்குச் சாளரத்திற்கும் அங்கே இறவாரம் வேண்டும். நூலில் உள்ளதை ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்தே கொள்ள வேண்டும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மின்சார விஷயத்தில் சிக்கனம் பாராட்டுதல் கூடாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று இரும்பு உடல் கொண்ட இயந்திரத்தைத் தொடுபவரின் உயிர், எர்த் கம்பி ஒன்றையே நம்பியிருக்கிறது. ஒவ்வோர் இயந்திரத்திற்கும் எர்த் இணைப்பு, நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு அல்லது மரப்பலகை, மின்கசிவு ஏற்பட்ட கணமே தானாக இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. அச்சாதனத்தை ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கடையில் தருவார்கள். மனித உயிரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதையே வாங்குதல் வேண்டும். இவ்வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

இனி, பட்டறையை விரிக்கும் பேச்சுக்கு வருவோம். ‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்று நம் முன்னோர் வாழ்த்தினர். பட்டறைக்கு இது முற்றும் பொருந்தும். முதலிலேயே பெரிய கூடம் எழுப்பிக் கடனில் மூழ்குவதைவிட, ஓர் அறையைச் செவ்வையாகக் கட்டி, பின்னால் விரிக்க வழி வைத்துக்கொள்வதே அறிவுடைமை. வழி வைத்தல் என்பது என்ன? எந்தப் பக்கம் நாளை அறை நீளுமோ, அந்தப் பக்கச் சுவரில் வாயில் உயரத்திற்கு ஒரு விட்டம் கட்டி வைப்பது. மின்கம்பியை இன்றைய தேவைக்கு மேற்பட்ட தடிப்பில் இழுத்து வைப்பது. அந்தப் பக்கத்தில் கிணற்றையோ கழிவுக் குழியையோ தோண்டாதிருப்பது. இவை மூன்றும் இருந்தால் பின்னாளில் சுவரை இடிக்காமலே அறை விரியும்.

விரிப்பதற்கு எளிய முறை சாய்ப்பு இறக்குவது. பழைய சுவரின் மேல் ஒரு பக்கத்தை ஏற்றி, மறுபக்கத்தைக் கால்கள் மேல் இறக்கிச் சரிவாகப் போடும் கூரையை நாமும் சாய்ப்பு என்கிறோம். மலையாளத்தாரும் சாய்ப்பு என்றே சொல்கிறார்கள். பற்றவைப்பு, சாணை பிடித்தல், வர்ணம் பூசுதல் போன்ற தீயும் தூசியும் நெடியும் எழும் வேலைகளை இந்தச் சாய்ப்புக்கு மாற்றிவிட்டு, நுட்பமான வேலைகளையும் கருவிகளையும் உள்ளறையிலேயே வைத்துக்கொள்ளலாம். எனினும் பற்றவைக்கும் இடமும் வர்ணம், தின்னர் ஆகியவை இருக்கும் இடமும் ஒன்றாதல் கூடாது. பழைய சுவரும் புதிய கூரையும் சேரும் மூட்டில்தான் மழைநீர் முதலில் நுழையும். அங்கே தகட்டு மடிப்பு ஒன்று வைத்து அடைத்தல் வேண்டும். விரிக்கும் முன் நகராட்சியின் அனுமதி பெறுவதும், பெரிய மோட்டார் வைப்பதாயின் மின்வாரியத்திற்குத் தெரிவிப்பதும், இரவில் சாணைச் சக்கரத்தை ஓட்டாமல் அண்டை வீட்டாரின் உறக்கத்தை மதிப்பதும் நம் கடமைகள். வேற்றூரில் வாழ்வோர்க்கு அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தைவிடப் பெரிய உரிமம் இல்லை.

இறுதியாக வெப்பம். வியர்வை ஆறாகப் பெருகும் களமசேரியில் பட்டறைக்கு வெப்பம் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். அங்கே வெப்பம் மனிதனுக்காக அன்று, இரும்புக்காக. ஒரு கணக்கைப் பார்ப்போம். மழைக்கால இரவில் பட்டறைக்குள் உள்ள இரும்பு 24 டிகிரிக்குக் குளிர்கிறது. காலையில் 28 டிகிரி வெப்பமும் 85 சதவிகித ஈரப்பதமும் கொண்ட காற்று கதவு வழியே நுழைகிறது. அக்காற்று 25 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீராவி நீராகிவிடும். எனவே 24 டிகிரியில் உள்ள லேத்தின் மேல், புல்லின் மேல் பனி படிவதுபோல் நீர் படிகிறது. கூரை ஒழுகவில்லை, சாரல் அடிக்கவில்லை. ஆயினும் லேத்து நனைந்திருக்கிறது. காலையில் பட்டறையைத் திறந்து இதனைக் காண்பவர், யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனார்கள் என்றே எண்ணுவர்.

இதற்கு மருந்து, இரும்பைச் சுற்றுக்காற்றைவிடச் சில டிகிரி வெம்மையாக வைத்திருப்பதே. காற்று வெப்பமடையும்போது அது தாங்கவல்ல நீராவியின் அளவு கூடுகிறது. ஆகவே ஒரு துளி நீரையும் அகற்றாமலே ஈரப்பதம் குறைகிறது. 26 டிகிரியில் 90 சதவிகித ஈரப்பதம் கொண்ட காற்றை 30 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் 71 ஆகும். 34 டிகிரிக்கு ஏற்றினால் 57 ஆகும். துருவின் எல்லைக்கோடு 60 என்று முன்னர்க் கண்டோமல்லவா? எட்டு டிகிரி வெப்பம் நம்மை அக்கோட்டிற்கு இப்பால் கொண்டுவந்து விடுகிறது.

ஆயின் அறை முழுவதையும் எட்டு டிகிரி உயர்த்துவது வீண் செலவு. நாம் கூறிய சிறிய அறைக்கே ஒரு கிலோவாட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் வேண்டும். நாள் முழுதும் எரித்தால் 24 யூனிட்டுக்குக் குறையாது. மேலும் அவ்வறையில் மனிதர் நின்று வேலை செய்ய இயலாது. எனவே கருவிகளை எல்லாம் கதவுள்ள ஓர் அலமாரியில் சேர்த்து, அதற்கு மட்டும் வெப்பம் ஊட்டுக. பழைய முறை இழை விளக்கு ஒன்று, 25 அல்லது 40 வாட்டு அளவில், அலமாரியின் அடித்தட்டில் எரிந்தால் போதும். இன்றைய எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அதன் நற்குணமே இங்கே குறையாகிறது. 25 வாட்டு விளக்கு இரவும் பகலும் எரிந்தால் மாதம் 18 யூனிட்டு ஆகும். விளக்கைச் சுற்றிக் கம்பி வலை இட்டு, துணியும் காகிதமும் மரமும் ஓரடிக்குள் வாராமல் காத்தல் வேண்டும். அலமாரியின் அடியிலும் மேலும் சிறு துளைகள் இருந்தால் ஈரக்காற்று வெளியேறும். அலமாரிக்குள் ஈரப்பதமானி ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் முள் 60-க்குக் கீழே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வது உத்தமம். பெட்ரோல், தின்னர் முதலியவற்றை அந்த அலமாரியில் வைத்தல் தீயை வலிய அழைப்பதாகும்.

அலமாரிக்குள் அடங்காத லேத்து முதலியவற்றைக் கனிம எண்ணெய் தடவித் துணியால் போர்த்தி வைக்கலாம். தேங்காய் எண்ணெய் கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்று அதனைத் தடவுவோர் உண்டு. தாவர எண்ணெய்கள் நாளடைவில் பிசுக்காகி இயந்திரத்தை இறுக்கிவிடும். அளவுகோல் போன்ற நுட்பக் கருவிகளை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கலாம். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த கந்தையை மூலையில் குவித்து வைத்தல் ஆகாது. அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. அதனை நீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வைக்க வேண்டும்.

அறையை உலர்த்துகிறோம் என்று மண்ணெண்ணெய் அடுப்பையோ காஸ் அடுப்பையோ ஏற்றி வைப்பது எதிர்மாறான பலனையே தரும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர், ஆவி வடிவில் அறைக்குள் சேர்கிறது. ஈரத்தை விரட்ட வந்தவனே ஈரத்தைக் கொண்டுவந்து சேர்த்த கதையாக அது முடியும்.

இவ்விடத்தில் தில்லி, கான்பூர், சண்டிகர் முதலிய வடபுலங்களில் வாழும் நேயர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே நிலைமை வேறு. சனவரி மாதத்தில் தில்லியின் இரவு வெப்பநிலை ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும். மரத்துப்போன விரல் உளியைச் சரியாகப் பிடிக்காது. அங்கே வெப்பம் மனிதனுக்கே வேண்டும். குளிருக்கு அஞ்சிக் கதவையும் சாளரத்தையும் இறுக மூடி, அங்கீட்டி எனப்படும் கரிக் கணப்பை உள்ளே வைத்துக்கொள்ளும் வழக்கம் பலரிடம் உள்ளது. இதைப்போன்ற கொடிய அபாயம் வேறில்லை. காற்று போதாத இடத்தில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் பிராண வாயுவைச் சுமந்து செல்லும் செந்நிறப் பொருளோடு அது பிராண வாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாகப் பிணைந்துகொள்கிறது. முதலில் தலைவலி, பின்னர் மயக்கம், அதன்பின் மரணம். உறக்கம் வருகிறது என்று எண்ணியவாறே பலர் மீளா உறக்கத்தில் ஆழ்ந்திருக்கின்றனர். குளிர்காலந்தோறும் வடநாட்டில் இத்தகைய சாவுகள் நேர்ந்துகொண்டே இருக்கின்றன. தனியறையில் பலராகத் தங்கியிருக்கும் வெளியூர்த் தொழிலாளரே அவற்றில் அடிக்கடி பலியாகின்றனர். வேலை செய்யும்போது தலை கனத்தால், சளி பிடித்திருக்கிறது என்று கருதிவிடாது உடனே வெளியே வந்து காற்று வாங்குக. உடன் இருப்போரையும் வெளியே அழைத்து வருக.

வடநாட்டில் பட்டறைக்கு நல்ல வெப்பம் சூரியனிடமிருந்தே தொடங்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் தில்லியின் நண்பகற் சூரியன் வானில் பாதி உயரம்கூட ஏறாது தெற்கே தாழ்ந்து நிற்கும். தெற்குப் பக்கத்தில் கண்ணாடிச் சாளரம் இருந்தால் வெயில் அறையின் உட்சுவர் வரை எட்டும். காலடியில் மரப்பலகை இருந்தால் சிமெண்டுத் தரையின் குளிர் ஏறாது. அதற்கு மேலும் வேண்டுமாயின், செந்தணலாய்க் கம்பி தெரியும் கணப்பைத் தவிர்த்து, எண்ணெய் நிரப்பிய மின்கணப்பை வாங்குக. மரத்தூளும் எரியும் கம்பியும் ஓரறையில் இருத்தல் தகாது. எந்தக் கணப்பு ஆயினும் ஒரு சாளரம் ஒரு விரற்கடையேனும் திறந்திருக்கட்டும். கரியையோ விறகையோ எரித்தே தீரவேண்டிய கொல்லுவேலையாயின், அதனைத் திறந்த சாய்ப்பில் வைத்துக்கொள்க.

மும்பையிலும் கல்கத்தாவிலும் விசாகப்பட்டினத்திலும் வாழ்வோர், மழைக்காலத்தில் களமசேரி முறையைக் கைக்கொள்ளலாம். நாகபுரி, போபால் போன்ற இடங்களில் அலமாரி விளக்கு ஆண்டில் மூன்று மாதம் எரிந்தால் போதும். எவ்வூராயினும் செலவு செய்யும் வரிசை ஒன்றே: முதலில் உயர்ந்த உலர்ந்த தரை, அடுத்து ஒழுகாத கூரையும் காற்றோட்டமும், அதன்பின் பழுதற்ற மின்னிணைப்பு, அதன்பின் கருவி அலமாரி, கடைசியாகவே புதிய இயந்திரம். பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, இயந்திரத்தை வாங்கிய பின் அதற்கு இடம் தேடுகின்றனர்.

களமசேரியில் உள்ளவர்கள் மே மாதம் முடிவதற்குள் ஓடுகளை மாற்றி, இறவாரத்தைச் செப்பனிட்டு, மின்கசிவுச் சாதனத்தின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுதல் நலம். தில்லியில் உள்ளவர்கள் தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போதே பட்டறையின் காற்றுத் திறப்புகளில் அடைத்துள்ள கந்தையையும் காகிதத்தையும் எடுத்துவிட வேண்டும். குளிர் வந்த பின் அவற்றை எடுக்க யாருக்கும் மனம் வராது.